முழு வேகத்திலும் தெளிவாக

மீன் காட்டும் கருவியின் திரையை மச்சினன் தன் போனில் படம் பிடிப்பதைப் படகுக்காரர் பார்த்துவிட்டார். அவர் திரும்பியதும் போன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. மூன்று நாளாக இதே கூத்து.

மூன்று நாளாகத்தான் வலையும் காலியாக வருகிறது. திரையில் மீன் கொத்துக் கொத்தாக ஓடுகிறது, வலையை இறக்கினால் ஒன்றுமில்லை. பக்கத்துப் படகுக்காரனோ கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வருகிறான். இடத்தை யாரோ முன்கூட்டியே அவனுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஃபிஷ் ஃபைண்டர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் மேஜைமேல் வைத்தே மாதிரிப் படத்தை ஓட்டிக் காட்டியிருந்தார்கள். மெதுவாகப் போனால் படம் காட்டும், வேகமெடுத்தால் கோடு கோடாக இழுக்கும். முந்தினவனுக்குத்தான் மீன் என்கிற தொழிலில், நின்று நின்று பார்த்தால் பிழைக்க முடியுமா?

வேகத்தில், தண்ணீருக்குள் இருக்கும் சென்சாருக்கு அடியில் நுரை கட்டிக்கொள்கிறது என்றான் மச்சினன். படகின் பின்பக்கம் தொங்கிக்கொண்டு, அதை என்ஜின் விசிறியிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு விரற்கடை கீழே இறக்கி மாட்டினான். கொஞ்சம் தேவலை என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

கடைசியில் காரியத்தை முடித்தவர் படகுக்காரரேதான். நாலு நாளைக்கு முன்பு கடுப்பில் கருவியின் பொத்தான்களை ஒன்றுவிடாமல் அமுக்கித் தள்ளினார். அதன்பிறகு எவ்வளவு விரட்டினாலும் படம் பளிச்சென்று நின்றது. துறையை விட்டுக் கிளம்பும்போதே மீன் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு மாதம் நீ நோண்டியதை ஒரே நிமிஷத்தில் முடித்தேன் என்று மச்சினனிடம் மார்தட்டிக்கொண்டார்.

அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவதென்றால், வேலியே பயிரை மேய்கிறது என்றுதானே அர்த்தம்? அன்று கரைக்கு வந்ததும் மச்சினனை நிறுத்தினார்.

"படம் புடிச்சு யாருக்கு அனுப்பறே?"

மெஷின் ரிப்பேர் பார்க்கிற சிநேகிதனுக்கு என்றான் அவன். "எனக்கென்னமோ மெஷின் மேலதான் சந்தேகம், மாமா."

"எனக்கு உன் மேலதான் சந்தேகம். நாளையிலேருந்து படகுல கால் வைக்காதே."

பன்னிரண்டு வருஷம் கூடவே கடலுக்கு வந்தவன். என்ஜின் சாவியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். படகுக்காரருக்கு ஒரு கணம் சுருக்கென்றது, ஆனால் வீம்பு விடவில்லை.

மறுநாள் படகின் அடியில் பாசி சுரண்டி பெயின்ட் அடிக்கிற வேலை. கையில் பிரஷ்ஷோடு இருந்தவரைத் தேடி மனைவி வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. தம்பி வெளியூரில் வேலை தேடிப் போகிறானாம், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறானாம். பஸ் கிளம்புவதற்குள் ஒரு போன் போட்டுக் கூப்பிடச் சொன்னாள்.

"துரோகியை நான் கூப்பிடணுமா?" என்று அவளை ஏணியில் ஏற்றிப் படகுக்குள் அழைத்துப் போனார். அவளுடைய தம்பியின் புளுகை அவளே பார்க்கட்டும் என்று பொத்தானை அமுக்கினார். திரையில் பெரிய மீன் ஒன்று போனது, பின்னாலேயே ஒரு கூட்டம் போனது.

"மெஷின் மேல சந்தேகமாம். நல்லா பாரு, எவ்வளவு சுத்தமா காட்டுது."

அவள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் எட்டிக் கீழே பார்த்தாள்.

"படகு தரையில நிக்குதே, மீன் எதுலங்க ஓடுது?"