பன்னிரண்டு நிமிட வாசிப்பு

“நடுவுல ஒரு விநாடிகூட நிக்கலைங்க ஐயா. பன்னிரண்டு நிமிஷமும் ரெண்டு கையும் ஓடிக்கிட்டேதான் இருந்தது.”

சாட்சிக் கூண்டில் நின்று இப்படி அடித்துச் சொன்னவர் பியானோக்களுக்குச் சுருதி கூட்டுபவர். முப்பது வருடமாக அதுதான் பிழைப்பு. தெருக்கோடியில் சைக்கிள் மணி அடித்தாலும் அது எந்தச் சுரம் என்று சொல்லிவிடுவார். தொழிலில் அவருக்குப் ‘பாம்புச் செவி’ என்றே பெயர். அந்தப் பெயரால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வழக்கு இதுதான். அவர் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் ஒரு பியானோ கலைஞர் குடியிருந்தார். அவருடைய மனைவி பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கையைத் தூக்கக்கூட முடியாது. அன்று காலை பதினோரு மணிக்கு நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கலைஞர் அதே அறையில் வாசிக்க உட்கார்ந்தார். முடித்ததும் அவர் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்தபோது அந்த அம்மாளுக்கு மூச்சு இல்லை. தலையணையை முகத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மாளைத் தவிர வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார் என்றால் மற்றவர் என்ன செய்தார் என்பதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். போதாததற்கு, “மருந்து கொடுக்கும்போது அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க” என்று நர்ஸே வாக்குமூலம் கொடுத்திருந்தாள். வாசிப்பு தொடங்கும்வரை அம்மாளுக்கு உயிர் இருந்தது என்று அதிலேயே ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் பாவம்.

சக்கரம் வைத்த கட்டில் தன் முதுகுப் பக்கம் இருந்தது, வாசிக்க உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் தனக்குத் தெரியாது என்று சொல்லிக் கலைஞர் கோர்ட்டிலேயே கேவி அழுதார். பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நர்ஸின் வக்கீல் இளைஞர். அது ஒலிப்பதிவாக இருந்திருக்கலாமே என்று மெல்ல ஒரு கல்லை விட்டுப் பார்த்தார். பாம்புச் செவிக்காரருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“பெட்டியிலேர்ந்து வர்ற சத்தத்துக்கும் கம்பியிலேர்ந்து வர்ற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா முப்பது வருஷம் இதுல குப்பை கொட்டினேன்? முந்தின நாள்தான் அந்தப் பியானோவுக்குச் சுருதி கூட்டிக் கொடுத்தேன். நாளைக்குப் பதினோரு மணிக்குப் பெரிய உருப்படி ஒண்ணு வாசிக்கிறேன், கீழே இருந்து கேட்டுட்டு நாதம் எப்படின்னு சொல்லுங்கன்னு அவரே கேட்டுக்கிட்டார். நானும் காபியை ஆறவிட்டுட்டுக் கேட்டேன். அடியில ஒரு கை உருட்டுது, உச்சியில ஒரு கை பாடுது. பத்து விரல் பத்தாதுங்க அதுக்கு.”

அந்த உருப்படி எழுதி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். கச்சேரியில் ஆட்களை வாய்பிளக்க வைப்பதற்கென்றே எழுதியதாம். அதைத் தடுக்கி விழாமல் வாசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று கலைஞர் சொல்லியிருந்தார். அதையும் பாம்புச் செவிக்காரர் கோர்ட்டில் ஒப்பித்தார். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

நர்ஸுக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பில் இந்தச் சாட்சியை நீதிபதி பாராட்டவும் செய்திருந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் நர்ஸின் தாய் பாம்புச் செவிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு நிமிஷங்கூட நிக்கலையா ஐயா? நல்லா யோசிச்சுப் பாருங்கய்யா. ஒரு அரை நிமிஷம்?”

“நின்னிருந்தா சொல்லியிருக்க மாட்டேனாம்மா? எனக்கு உங்க பொண்ணு மேல என்ன விரோதம்?”

அவள் கையை விட்டுவிட்டாள். அந்த முகம் சில நாள் அவரைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் காது பொய் சொல்லாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். வேறென்ன செய்ய முடியும்?

மூன்று மாதம் போயிற்று. கலைஞர் பியானோவை விற்றுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வாங்கிய பெண் ஓர் இசைக் கல்லூரி ஆசிரியை. எடுத்துக்கொண்டு போகுமுன் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள் என்று பாம்புச் செவிக்காரரை மேல்மாடிக்கு அழைத்திருந்தாள். கைக்குழந்தையையும் கூடையில் வைத்துத் தூக்கி வந்திருந்தாள். வீட்டில் விட ஆள் இல்லை என்று அவளே சொன்னாள்.

வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பாம்புச் செவிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கம்பி முறுக்கும் சாவிகளைத் துடைத்துப் பைக்குள் அடுக்கினார். அவள் பியானோ ஸ்டூலின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பழைய இசைப் புத்தகம் இருந்தது. “அட, இதையா வச்சிருந்தார்?” என்று சொல்லி வாசிக்க உட்கார்ந்தாள்.

முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதே உருப்படி. அடியில் அதே உருட்டல், உச்சியில் அதே பாட்டு. கலைஞர் அளவுக்கு வேகம் இல்லாவிட்டாலும் ஒரு சுரம் பிசகவில்லை. தன் சாட்சி இம்மியும் தப்பில்லை என்று நெஞ்சு குளிரக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதியில் குழந்தை வீறிட்டு அழுதது. இனி வாசிப்பு நின்றுவிடும் என்று நினைத்தார். நிற்கவில்லை, ஒரு சுரம்கூடக் குறையவும் இல்லை. அழுகைதான் நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார்.

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கட்டைகளின்மேல் பாய்ந்துகொண்டிருந்தது அவளுடைய இடது கை மட்டுந்தான். வலது கை, பக்கத்தில் கூடையில் கிடந்த குழந்தையின் வாயில் பால்புட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.