எரிஞ்சு போனா?

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த குழந்தைவேலு, பண்ணை விவரங்களை வெளியூர்க் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கும் மாதச் சந்தா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார். போன வருடம் அவருடைய கம்ப்யூட்டர் மின்னலில் கருகி, எந்தக் குஞ்சுக்கு எப்போது தடுப்பூசி போட்டது என்ற விவரமெல்லாம் அழிந்தது. அந்தக் குழப்பத்தில் எட்டாயிரம் குஞ்சுகள் செத்தன.

"ஏனுங்க அம்மணி, எங்க விவரத்தைக் கோயமுத்தூர்ல உங்க கம்ப்யூட்டர்ல வெச்சுக்கறீங்க. நாளைக்கு நாங்க வேண்டாம்னா?"

"மொத்தத்தையும் திருப்பிக் குடுத்துருவோமுங்க" என்றாள், சந்தா பிடிக்க வந்த ஹேமலதா.

"உங்க கம்ப்யூட்டரும் எரிஞ்சு போனா?"

"ஒரு மாசமா சோதனைக்குப் பதிஞ்சோமில்லீங்க, அதுல எதையாச்சும் கேளுங்க."

"ஏழாம் நம்பர் ஷெட்டுக்கு ரெண்டாவது ஊசி எப்பங்க?"

சோதனைக்காக அங்கே வைத்திருந்த கம்ப்யூட்டரில் ஹேமலதா தட்டினாள். போன் லைனில் மோடம் கிறீச்சிட்டது. திரையில் தேதி வந்தது. குழந்தைவேலு தன் நோட்டோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. இன்னும் நாலு ஷெட் கேட்டார். எல்லாமே சரி.

"அதெல்லாஞ் சரிங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே?"

"இன்னிக்குக் காலைல எங்க ஆபீஸ்ல தீப்பிடிச்சுப் போச்சுங்க. ஆளுக்கு ஒண்ணுமில்லை. கம்ப்யூட்டர்தான் கரிக்கட்டை ஆயிருச்சு. நீங்க இப்பப் பார்த்தது, மெட்ராஸ்ல தினமும் எடுத்து வெக்கற நகலுங்க."

திரையை மெல்லத் தொட்டுப் பார்த்த குழந்தைவேலு, அதிலிருந்து கண்ணெடுக்காமலேயே பேனாவுக்குக் கையை நீட்டினார்.