மட்டன் ரோலும் ஆறாயிரம் வருட வீடும்

என் மகளின் வீட்டை எரித்தது நான்தான்.

மட்டன் ரோல் சூடாக்க நினைத்தேன். ஓவனைத் திறந்து பார்க்காமலே சூட்டைக் கூட்டினேன். உள்ளே கோசிகா இளஞ்சூட்டில் காயவைத்திருந்த களிமண் வீடு. அதற்கு வைக்கோல் கூரை வேறு.

லண்டனில் எங்கள் கிங்ஸ்பரி முழுக்கக் கேட்கும்படி புகை அலாரம் அலறியது. மாடியிலிருந்து கோசிகா ஓடி வந்தாள்.

"உன்ர அம்மான்ர சமையல்தான்," என்றேன். அவளுடைய அம்மா காலையிலேயே வேலைக்குப் போயிருந்தாள்.

நாளை பல்கலைக்கழகத்தில் கொடுக்கவேண்டிய வீடு அது. ருமேனியா, உக்ரைன் பக்கம் ஆறாயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த சனங்கள் கட்டியது மாதிரி. ஐரோப்பிய நாகரிகமே அந்தப் பக்கம்தான் தொடங்கியதாம். தொடங்கட்டும். அதற்காக இவள் ஃபார்மசிப் படிப்பை விட்டுத் தொல்லியலுக்குப் போகவேண்டுமா?

ஏன் விட்டாய் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறேன். "சும்மா, விருப்பம்" என்பாள். தமிழ்க் கடையில் காணும் செல்வமலர் அக்கா விசாரித்தால், "பிள்ளை வீடுகளைப் பற்றிப் படிக்கிறா" என்று சமாளிப்பேன். ஆர்க்கிடெக்ட் என்று நினைத்து அவர் சந்தோஷப்படுவார். எனக்குத்தான் சாப்பாடு இறங்காது.

கோசிகா வீட்டை வெளியே எடுத்தாள். கூரை இல்லை. சுவர்கள் கறுத்து வெடித்திருந்தன. நான் ரோல் தட்டோடு நின்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"இப்பதான் அப்பா சரியா வந்திருக்கு. அவையள் தங்கட வீடுகளைத் தாங்களே எரிச்சவை எண்டுதான் கனபேர் சொல்லினம்."

"ஒருத்தரும் துரத்தாமலோ?" என்றேன். என் வாய் அப்படி.

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"எரியாத மண்வீடு மழையில கரைஞ்சுபோடும். எரிஞ்சதுதான் மிஞ்சும். ஆர் இருந்தவை, என்ன சாப்பிட்டவை எண்டு அதுதான் சொல்லும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உதுக்காகவோ ஃபார்மசியை விட்டனீ? ஒருக்காலாவது நேராச் சொல்லன், பிள்ளை!"

கோசிகா கரிந்த சுவரை விரலால் தடவினாள். விரல் கறுத்தது.

"சண்டையில எங்கட ஊர் வீடு எப்பிடி எரிஞ்சதெண்டு நான் கேட்கேக்கை எல்லாம், அம்மா புட்டவிச்சு எரிஞ்சதெண்டு பகிடி விட்டனீங்கள், அப்பா. அதுதான், எரிஞ்ச வீடுகளிட்டயே கேட்கப் பழகிறன்."