இரண்டாவது சரணம்

இரண்டாவது சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் வெர்னனுக்கு வார்த்தை வரவில்லை.

மூன்று நாள் இசை விழாவின் கடைசி நாள், ஞாயிறு காலை பத்து மணி. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் முந்நூறு மடக்கு நாற்காலிகள். வெள்ளியும் சனியும் மழையில் நனைந்துகொண்டே ஆடித் தீர்த்த கூட்டம், இப்போது பக்திப் பாட்டுக்காகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மெல்ட்டன் சகோதரர்களைக் கென்டக்கியின் இந்த மலைப்பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. அண்ணன் வெர்னன் கிதார். தம்பி ராய்ஸ் மாண்டலின். டெல்பர்ட் பாஞ்சோ. ஆளைவிட உயரமான பிடில் மாதிரி நிற்கிற பாஸ், நான்.

எங்களுக்கு ஒரே மைக்தான். பாடுகிறவர்கள் தலை முட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்றால்தான் இரண்டு குரலும் ஒன்றாக விழும்.

அப்படி நெருங்கி நின்று பாடுகிற அண்ணனும் தம்பியும் நாலு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

தனித்தனி வண்டியில் வருவார்கள். தனித்தனியாகச் சாப்பிடுவார்கள். நடுவில் தபால் வேலை என்னுடையது.

நேற்று மதியம்கூட, அண்ணனுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு ராய்ஸ் என்னிடம் சொன்னார்: "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. அந்தாளை அரைக்கட்டை இறக்கச் சொல்லு."

"அந்தத் தொண்டை என்னிக்குத் திறந்திருந்துச்சுன்னு கேளு," என்றார் வெர்னன், கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே.

வேறு ஆளோடு பாடிப் பார்க்காமல் இல்லை. இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒட்டவில்லை. ஆறு மாதத்தில் அதே மைக்குக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்று வெர்னன் நின்றுபோனது ஒன்பது வயதிலிருந்து பாடுகிற பாட்டில். டெல்பர்ட் பாஞ்சோவில் இன்னொரு சுற்று வாசித்துச் சமாளித்தார். சுற்று முடிந்து பாட்டு மறுபடி அதே சரணத்துக்கு வந்தது.

வெர்னன் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. கை மட்டும் தாளம் பிசகாமல் கிதாரில் ஓடியது.



முன்வரிசையில் ஒருவர், வெர்னன் ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ராய்ஸ் மாண்டலினை நிறுத்தினார். அண்ணனின் காதருகே குனிந்தார். மைக் அதையும் பிடித்துக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டது.

"'விளக்கெடுத்து வந்தவரே'... அங்கேருந்து பாடுண்ணே."

வெர்னன் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தார். முதலில் யாரென்று தெரியாதவர்போல. பிறகு பாடினார்.

ஒவ்வொரு வரியையும் அரை மூச்சு முன்னதாக ராய்ஸ் உதட்டால் எடுத்துக் கொடுத்தார். உடனே மேல்குரலையும் தொட்டார். கடைசிச் சரணம்வரை கண்ணை அண்ணன் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மெல்ட்டன்கள் ராசியாகிவிட்டார்கள் என்று சிலர் அழுதார்கள்.

மேடையிலிருந்து இறங்கியதும் டெல்பர்ட் வெர்னனின் தோளைப் பிடித்துக் காப்பி விற்கும் கூடாரத்துக்கு அழைத்துப் போனார். ராய்ஸ் தன் வண்டிக்குப் போகவில்லை. நான் பாஸுக்கு உறை மாட்டும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"எப்பலருந்து?"

"மார்ச்சுல கவனிச்சேன். அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"உங்கம்மாவுக்கு வந்த அதே மறதிதான்."

மழையில் மிதிபட்ட புல்லில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கிடந்தது. ராய்ஸ் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"இனிமே அண்ணன்கிட்ட வண்டியைக் குடுக்காத. அடுத்த வாரத்துலருந்து ரெண்டு பேரும் என் வண்டியிலயே வாங்க. பின்னாடி சீட்டை எடுத்துட்டா பாஸும் படுத்துக்கும்."

"அவர் ஒத்துக்கணுமே."

"நான் கேக்கறேன்."

நாலு வருஷத்தில், அண்ணனுக்குச் சேதி சொல்லி அனுப்புவதற்காக இல்லாமல், எனக்கென்று ராய்ஸ் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் பாஸைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, வெர்னனும் நானும் வந்த வண்டியை நோக்கி நடந்தார்.

வெர்னனைக் கட்டிக்கொள்வதற்கு முன் பதினோரு வருஷம் நான் ராய்ஸின் மனைவி. அந்தப் பதினோரு வருஷமும் இந்தப் பாஸை அவர் என்னைத் தூக்க விட்டதே இல்லை.