ஒரே பேரில் இருவர்

திருப்பூர் பனியன் கம்பெனியின் கதவு துளசிமணியின் விரலுக்குத் திறக்கவில்லை. கணவன் செல்லமுத்துவின் காரியமெல்லாம் முடிந்து, அன்றுதான் அவள் வேலைக்கு வந்திருந்தாள்.

"உள்ளயிருந்து திறந்து விடுங்க, மொதலாளி."

"என்னால ஆகாது அம்மிணி. சம்பள சாப்ட்வேர்ல பேர் இருந்தாத்தான் திறக்கும்."

"எம்பேரு இல்லீங்களா?"

முதலாளி நாச்சிமுத்து கம்பிக் கதவுக்கு அப்பால் தலையைச் சொறிந்தார். "பத்துப் பேருக்குத்தான் சந்தா. பதினோராவது ஆளுக்கு சாப்ட்வேர்க்காரன் மூணு மடங்கு கேட்டான். தைக்கிற டெய்லரும் துணி எடுத்துக் குடுக்குற கைமடியும் சேர்ந்துதானே ஒரு மிஷின்? அதான் டெய்லர் உம் புருசன் பேர்லயே கைமடி உன் விரலையும் சேத்திப் பதிஞ்சுட்டேன். நேத்து அப்டேட் ஆச்சு. சாவுப் பதிவை அதுவே பாத்து, அந்தப் பேரை அடிச்சிருச்சு."

"அப்ப நானும் செத்துட்டனாக்கும். புதுசாச் சேத்துங்க."

"பாத்துட்டேன். செத்த ஆளோட விரலுன்னு சொல்லுது."

"வேற வழி?"

"அவன் சாகலைன்னு எழுதிக் குடுக்கலாம். குடுத்தா, உம் புள்ளைக்கு வரவேண்டிய இன்சூரன்ஸ் பணம் வராது."

உள்ளே மிஷின்கள் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி துளசிமணி நின்றாள்.

"அது எப்பவோ வர்றதுங்க. வீட்டுல இன்னைக்கு அரிசி இல்ல. அவரு இருக்கட்டும்."

நாச்சிமுத்து எழுதி அனுப்பினார். அவள் மறுபடி விரலை வைத்தாள்.

"வணக்கம், செல்லமுத்து," என்றது கதவு. "இத்தனை நாள் வராததற்குக் காரணம் சொல்லவும்."

துளசிமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லீங்க," என்றாள்.