கிளிஃபர்டின் கிடங்கு

“சூடு சொரணை உள்ளவன் அந்தக் கிளிஃபர்டோட கிடங்குக்குப் போவானா?” என்று ஐலி காபிக் கோப்பையைக் கணவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

“அவனுக்கு இருக்கு, பாத்துக்கிட்டே இரு” என்றான் ரெய்னோ. குழாய்க் குறடைப் பெட்டியில் போடும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை.

கோபம் இருக்காதா பின்னே? அமெரிக்காவின் டுலூத் நகரில் தீயணைப்புத் தெளிப்பான்களைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வதில் ரெய்னோவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போன குளிர்காலத்தில் கிளிஃபர்ட் கஞ்சத்தனம் பிடித்துப்போய் கிடங்கின் வால்வு அறைக்கு மட்டும் இருந்த ஹீட்டரை அணைத்தான்; குழாய் வெடித்தது. பழியை அப்படியே ரெய்னோ தலையில் கட்டிவிட்டான். கம்பெனி வேலை போயிற்று. தேவாலயத்துக் காபி மேசையில்கூட ‘வெடி ரெய்னோ’ என்று பெயராகிவிட்டது.

இப்போது அதே ஆள் அதே வேலைக்குக் கூசாமல் கூப்பிடுகிறான்!

“பழசை மனசுல வச்சுக்காத ரெய்னோ” என்று வாசலிலேயே தோளைத் தட்டினான் கிளிஃபர்ட். “நீயாச்சு, குழாயாச்சு. நான் பின்னாலயே வந்து நோட்டம் பாக்கமாட்டேன்.”

சூடேற்றாத கிடங்கு அது. கூரைக் குழாய்களில் காற்றுதான் இருக்கவேண்டும். தாழ்வான இடங்களில் சேர்ந்த தண்ணீரை உறைபனிக்கு முன்னால் வடிக்காவிட்டால், அது உறைந்து குழாயைப் பிளந்துவிடும். அப்புறம் கீழே உள்ள சரக்கெல்லாம் வெள்ளத்தில்தான்.

ஏணியில் ஏறிய ரெய்னோ கீழே பார்த்தான். விலைபோகாத, எலி கடித்த கம்பளச் சுருள்கள்தான் கிடந்தன.

“புதுச் சரக்கெல்லாம் எங்க?”

“மருமகன் கொட்டகைக்கு மாத்திட்டேன். எடம் பத்தலப்பா.”

ரெய்னோ பல்லைக் கடித்துக்கொண்டு குறடைத் திருப்பினான். வேலை முடிந்து கிளம்பும்போது மட்டும் வாயைத் திறந்தான்.

“இந்தக் குளிர்காலத்தை நீங்க சாகுற வரைக்கும் மறக்கமாட்டீங்க.”

கிளிஃபர்ட் கோபப்படவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பிவைத்தான்.

ஜனவரியில் ஏரி கல்லாய் இறுகியது. அந்த வாரம் ஊரில் ஒரு வண்டியும் லேசில் கிளம்பவில்லை. குளிர் கொஞ்சம் தணிந்த அன்றே கிளிஃபர்ட் ரெய்னோ வீட்டுக்கு வந்து நின்றான். பூட்ஸைக்கூடக் கழற்றாமல், பனியோடு கூடம் வரை வந்துவிட்டான்.

“என் கிடங்கை என்னடா பண்ணின?”

ஐலி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். “ஐயோ, மறுபடியும் வெடிச்சிடுச்சா?”

“எங்க வெடிச்சுது! அத்தனை குளிருக்கும் ஒரு கீறல் விழல! கோவத்துல இவன் தண்ணிய வடிக்காம விட்டுட்டுப் போவான்னுதானே இவனையே தேடிப்பிடிச்சுக் கூப்பிட்டேன்! நனையாத அந்த எலிக் கம்பளத்தை வச்சுக்கிட்டு இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட நான் என்னத்தைக் கேப்பேன்?”

ரெய்னோ நிதானமாக எழுந்து கதவைத் திறந்துவிட்டான்.

“தெரியும். பழி தீக்கத்தான் ஒரு சொட்டு விடாம வடிச்சேன்.”