பாய்க்கு ஆன தகரம்

கப்பல் பொம்மை செய்கிறவர் ஒரு தகரத்துண்டைக் கையில் எடுத்து, "இது பாய்க்கு ஆகும்" என்றதுமே அதற்குக் கிலி பிடித்துக்கொண்டது.

"கம்பியண்ணே, என் மேல ஆள் படுப்பாங்களா?" என்று பக்கத்தில் கிடந்த பித்தளைக் கம்பியிடம் கேட்டது.

"அட, படுக்கிற பாய் இல்லப்பா, கப்பல் பாய். நான்தான் உனக்குப் பாய்மரம். காத்தடிச்சா நீ உப்பணும், அவ்வளவுதான்."

தகரத்துக்கு இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று. "காத்தா? நான் என்ன துணியா, உப்புறதுக்கு? பிய்ஞ்சு போயிடுவேனே!"

அதற்குள் சுத்தியல் வந்துவிட்டது. காற்று நிறைந்த பாய் மாதிரியே தெரியவேண்டும் என்று, அவர் அதன் நடுவில் தட்டித் தட்டிப் புடைக்க வைத்தார். சுத்தியலே இந்தப் போடு போடுகிறதென்றால் காற்று என்ன பாடு படுத்துமோ என்று ஒவ்வோர் அடிக்கும் தகரம் நடுங்கியது.

பிறகு அதைக் கம்பியோடு பற்றவைத்து, கப்பலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஈ நுழையக்கூட அதில் இடமில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பாயின் புடைப்பைப் பார்த்து, "அடேயப்பா, என்ன காத்து!" என்பார்கள்.

அவர்கள் நகர்ந்ததும் தகரம் கம்பியோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுக்கும்.

"கேட்டீங்களாண்ணே? வந்துடுச்சாம்."